காபியில் கலந்த மருந்து

“டாக்டர், அவனுக்குத் தெரியாம குடுக்கற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க.” அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் உட்காரும் எந்த மனநல மருத்துவருக்கும் இது பழகிய வாக்கியம். அதற்கென்றே ஆனதுபோல நிறமும் ருசியும் இல்லாத ஒரு சொட்டு மருந்தும் இருக்கிறது. காலையில் காபியில் ஐந்து சொட்டு, இரவில் ரசத்தில் ஐந்து சொட்டு. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு முறை இரு முறை அல்ல.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பைக் மெக்கானிக் ஒருவர், முப்பது வயதிருக்கும். வீட்டுச் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார் என்று அம்மா மட்டும் வந்திருந்தார். நோயாளியைப் பார்க்காமலேயே, அம்மா சொன்னதை வைத்துச் சொட்டு மருந்தை எழுதினேன். மூன்று மாதம் கழித்து வந்த அம்மாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதி. மகன் தூங்குகிறான், கத்துவதில்லை. ‘நல்ல முன்னேற்றம்’ என்று ஓபி சீட்டில் எழுதினேன்.

அந்த முன்னேற்றத்தின் மறுபக்கம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கை நடுங்கி, கார்பரேட்டரில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை அவரால் திருக முடியவில்லை. எதனால் நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியாது. மருந்து சாப்பிடுவதே தெரியாத மனிதருக்குப் பக்கவிளைவைப் பற்றி யார் சொல்வது? நடுக்கத்துக்கான மாத்திரையையும் பொடித்துச் சாம்பாரில் போடச் சொல்வதா? வேலை போயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் அடுப்படியில் அம்மாவையும் கையில் இருந்த பாட்டிலையும் அவர் பார்த்துவிட்டார். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் அவருடைய நோயின் மையம். அதை நானும் அவர் அம்மாவும் சேர்ந்து உண்மையாக்கியிருந்தோம்.

மனநலத் துறையில் ‘மீட்சி’ என்ற சொல் இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் இருக்கிறது. அறிகுறிகள் குறைவதோடு மருத்துவரின் வேலை முடிந்துவிடுவதில்லை. நோய் ஓரளவு மிச்சமிருந்தாலும், தான் மதிக்கும் ஒரு வாழ்க்கையை அந்த மனிதர் வாழ முடிகிறதா என்பதே அளவுகோல் என்பது அதன் சாரம். மேலை நாடுகளில் மனநல மருத்துவமனைகளில் அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்து எழுப்பிய குரலிலிருந்து பிறந்த கருத்து இது. “என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி முடிவெடுக்காதே” என்கிற அந்தக் குரலில் தனிமனிதர்தான் மையம். அது நம் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இங்கே வார்டில் இரவு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவர் அம்மா. மாத்திரைக்கு வரிசையில் நிற்பவர் அண்ணன். சென்னையில் 1981-ல் தொடங்கி, முதல் முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்து பேசப்படும் ஆய்வு அது. மனச்சிதைவு என்றாலே வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணத்தை அது உடைத்தது. உடைந்ததில் குடும்பங்களின் பங்கு பெரிது என்றே நினைக்கிறேன். நம் பண்பாட்டுக்கு ஏற்ற சேவை என்றால் குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது.

ஆனால், ‘குடும்பம்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? அதே சென்னையில், மனச்சிதைவு வந்து மணவாழ்க்கை முறிந்த 76 பெண்களிடம் பேசிய ஆய்வு 2003-ல் வெளியானது. பலருக்குச் சட்டப்படியான விவாகரத்து கிடையாது. பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். நோயால் வந்த அவமானத்தைவிட, வாழாவெட்டி என்ற அவமானம்தான் அவர்களை அதிகம் வாட்டியது. இவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது மட்டும் எப்படிப் பண்பாட்டை உணர்ந்த சிகிச்சையாகும்? கைவிட்டதும் குடும்பம், ஏற்றுக்கொண்டதும் குடும்பம். யாருமே ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கு, ‘தி பேனியன்’ அமைப்பு 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வீடு எடுத்து, சில பெண்களாகச் சேர்ந்து வாழ ஏற்பாடு செய்துவருகிறது. பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்கும் உறவுகூட மீட்சியின் பகுதி என்பதை விடுதிக் கட்டிடத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

பண்பாடு என்றதும் கோயிலும் தர்காவும் பேச்சில் வந்துவிடும். என் துறையினரில் பலர் முகம் சுளிப்பார்கள். சுளிப்பதற்குக் காரணமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்கு மறு ஆண்டு, 2002-ல், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெங்களூரு ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றியது. மருந்து இல்லை, சிறப்புச் சடங்கும் இல்லை. காலையில் கும்பிட்டு, கோயிலைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சராசரியாக ஆறு வாரம் இருந்தார்கள். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. தானாகவே தணிந்திருக்கலாம் என்ற எதிர்வாதத்தை அதைக் கொண்டு முறியடிக்க முடியாது. மருந்துக்குப் பதில் கோயில் போதும் என்று யாராவது அதைக் காட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருந்து இல்லாமல் நோய் முற்றிப்போனவர்களை அந்த அளவுக்குப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உறைத்தது வேறொன்று: அந்த இடத்தில் யாரும் அவர்களை விரட்டவில்லை, கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். என் ஓபியில் இவை இரண்டும் கிடைக்குமா என்று யோசித்தால் தலை குனியத்தான் வேண்டியிருக்கிறது.

குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் முயற்சி வெற்றிகரமாக நடந்தது. பின்னர் ஏர்வாடி தர்காவிலும் அதே வழியில் மனநலச் சிகிச்சை தொடங்கியது. ‘காத்து கருப்பு’ என்று சொல்பவரிடம், “அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை” என்று ஆரம்பிக்கும் மருத்துவர் அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறார். “எப்போதிலிருந்து பிடித்தது? அப்போது வீட்டில் என்ன நடந்தது?” என்று கேட்பவருக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைக்கும். நம்பிக்கையை மதிப்பது சங்கிலியை மதிப்பதாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலச் சட்டம், எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்கிறது.

அதே சட்டம்தான் என் சொட்டு மருந்துச் சீட்டையும் கேள்விக்கு உள்ளாக்குகிறது. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்கிறது அது. தெளிவாக இருக்கும் காலத்திலேயே, ‘நாளை எனக்கு நோய் முற்றினால் இப்படிச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்’ என்று எழுதிவைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் வழி செய்கிறது. இந்த முன்விருப்ப ஆவணம் எழுதிய ஒருவரைக்கூட என் ஓபியில் நான் பார்த்ததில்லை. சட்டத்தின் குறை என்று அதைச் சொல்ல மாட்டேன். நாங்கள் யாரும் அதைப் பற்றி நோயாளியிடம் வாய் திறந்ததில்லை.

“எண்பது சீட்டு காத்திருக்கும் காலையில் இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று சக மருத்துவர்கள் கேட்கிறார்கள். “கூரை மேல் ஏறி நிற்கும் மகனை வைத்துக்கொண்டு சம்மதத்துக்காகக் காத்திருக்கச் சொல்கிறாயா?” என்று கேட்கும் அப்பாவுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் சட்டமே வேறு வழி தருகிறது; ஆனால் காபியில் கலக்கச் சொல்லிக் கேட்கும் எல்லா வீடுகளும் அந்த நிலையில் இல்லை. இப்போது நான் சொட்டு மருந்து எழுதுவதில்லை. நோயாளியை வரவழைக்கவோ, சமூகப் பணியாளரை வீட்டுக்கு அனுப்பவோ பார்க்கிறேன். மறுத்ததால் இரண்டு குடும்பங்கள் திரும்பி வரவே இல்லை. அவர்கள் வேறெங்கோ அதே மருந்தை வாங்கியிருப்பார்கள். அந்தக் கணக்கும் என் பேரில்தான் இருக்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு நோயாளியிடமும், உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம்: “உங்களுக்கு என்ன வேண்டும்?” பதிலை அவர் வார்த்தையிலேயே சீட்டில் எழுதுங்கள். நமக்குத் தோன்றியதை எழுதாதீர்கள்.

அந்த மெக்கானிக் நாலு வருஷம் கழித்துத் தானாகவே வந்தார். கேட்டேன். “கை நடுங்கக் கூடாது சார். அது போதும். சத்தம் கேட்டா கேட்டுட்டுப் போவுது.” வேறு மருந்துக்கு மாற்றினோம், எதற்கு, எவ்வளவு, என்ன செய்யும் என்று சொல்லிவிட்டு. இப்போது ஒர்க் ஷாப் போகிறார். சில ராத்திரிகளில் குரல் கேட்கிறது. அம்மா சமைத்ததைச் சாப்பிடுகிறார். காபி மட்டும் கடையில்தான்.

– கட்டுரையாளர், மனநல மருத்துவர்.