பாலித் தீவில் ஒரு வாரம்

பாலிக்குப் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டு மாமி, "அங்கே என்னடி இருக்கு, கடல்தானே?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தோனேசியாவின் ஒரு மாகாணம் அது. முதல் நாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் தென்னங்குருத்தில் மடித்த ஒரு குட்டித் தட்டு. கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம், கூடவே ஊதுவத்தி. 'சானாங் சாரி' என்று பெயர். விடுதிக்காரர் மனைவி தினமும் வைக்கிறாள், நாம் கோலம் போடுகிற மாதிரி. மிதிக்காமல் தாண்டிப் போங்கள்.

குழந்தைக்குப் பெயர் தேடி அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. தலைச்சன் வாயன், அடுத்தது மாதே, பிறகு நியோமன், நாலாவது கெதுட். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயன்! ஆணோ பெண்ணோ, இதேதான்.

ஜதிலுவி என்ற ஊரில் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக நெல் வயல். தண்ணீரை விவசாயிகளே கூடிப் பங்கு போடுகிறார்கள். அதற்கென்றே கோயில்கள்கூட உண்டு. 'சுபக்' என்ற இந்த முறையை 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

டென்பசாரில் ஒரு மைதானம். 1906-ல் டச்சுப் படை வந்தபோது, அடிபணிய மனமில்லாத அரச குடும்பம் வெள்ளை உடுத்தி துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து போய் மடிந்ததன் நினைவாக அமைத்தது. பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிச் சிப்பாய்கள்மேல் வீசினார்களாம். கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை.

இனி தாய்மார்களுக்கு. ஒரு கோயிலில் என் பையன் கையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கு பிடுங்கியது. ரத்தம் வரவில்லை, தோல் லேசாகச் சிராய்த்திருந்தது. "சின்னக் கீறல்தானே, விடு" என்றார் இவர். நான் விடவில்லை. அந்தத் தீவில் 2008-லிருந்து வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. அது வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். கட்டுப் போடவில்லை, மஞ்சளும் வைக்கவில்லை. அன்றே டாக்டரிடம் ஓடி ஊசி போட்டாயிற்று. மீதி ஊசிகளை ஊர் திரும்பியதும் தேதி தவறாமல் போட்டோம்.

கிளம்புமுன் காலண்டர் பாருங்கள். மார்ச் வாக்கில் 'நியேப்பி' என்று ஒரு மௌன நாள். விளக்கு, அடுப்பு, தெரு நடமாட்டம் எதுவும் கிடையாது. விமான நிலையமே மூடியிருக்கும். வெளியூர்க்காரர்களும் விடுதிக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் பால் பவுடரை முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.