ராஜா கொடுத்த நிதியா?

ராஜா மதிலுக்கு நிதி தந்தார், பாலத்தைச் செப்பனிட்டார் என்று எழுதுகிறவர்களை நான் ஒன்று கேட்கிறேன். எவன் வீட்டு நிதி? 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி நகரங்களுக்குப் பெரும்பாலும் கொடுத்தது காசல்ல, அனுமதி. சந்தைக்கு வர்ற தானியம், தோல், மீன், ஆடுமாடு எல்லாத்துக்கும் இத்தனை வருஷம் சுங்கம் பிடுங்கிக்கோ என்கிற அனுமதி. மதிலுக்கு மியூரேஜ், பாலத்துக்குப் பான்டேஜ். சில ஊர் வியாபாரிகள் விலக்குச் சாசனம் வாங்கி வைத்திருந்தார்கள். சாசனமில்லாதவன் கட்டினான். ராத்திரி வாசலை அடைத்தால் மூட்டை சுமந்து வந்த அவன் மதிலுக்கு வெளியேதான்.

வசூலாவது ஒழுங்கா? அளவு மீறி மியூரேஜ் வாங்கினால் அனுமதியே போகும் என்று 1275இல் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் மிரட்டுகிறது. திருட்டு நடக்காமலா சட்டம் வந்தது?

லண்டன் பாலத்தைப் பாருங்கள். அதன் வருமானத்தை ஹென்றி தன் ராணி எலினாருக்குத் தூக்கிக் கொடுத்தான். மகாராணி வாங்கிக்கொண்டாள், பாலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1281இல் முதலாம் எட்வர்டு, அவள் பெத்த பிள்ளைதான், பாலத்துக்காக நாடெங்கும் பிச்சையெடுக்க அனுமதித்தான். 1282இல் பனிக்கட்டி மோதி ஐந்து வளைவுகள் இடிந்தன. உடனே மறுபடியும் சுங்கம். சரக்கோடு வந்த குதிரைக்காரனுக்கு ஒரு பென்னி. சரக்கு சுமந்து நடந்து போனவனையும் விடலை, கால் பென்னி.