விருந்து மேசையில் தரவரிசையா?

அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் முடித்தோர் மேற்கொள்ளும் மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சிக்கான நேரடி நேர்காணலுக்கு முந்தைய இரவு பயிற்சி மருத்துவர்கள் விண்ணப்பதாரர்களுக்கு அளிக்கும் விருந்து, நேர்காணல் அறைக்குள் தெரியாத குணத்தை வெளிக்கொணர்வதால் தேர்வில் அதற்கும் இடம் வேண்டும் என்று வாதிடப்படுகிறது. இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

விண்ணப்பதாரர்களும் பயிற்சித் திட்டங்களும் தனித்தனியே தரும் விருப்ப வரிசைகளைக் கணினி பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச் முறையில், ஒரு படி கீழிறங்குவதும் ஒருவரின் இடத்தைப் பறிக்கக்கூடும். மதிப்பீடு எதுவும் இல்லை என்று விருந்துக்கு அழைத்துவிட்டு, அவர் அதிகம் பேசவில்லை என்ற ஒற்றைச் சொல்லால் ஒருவரை ஒரு படி இறக்குவது நம்பிக்கை மோசடியே. மேட்ச் விதிகள் மதம், குடும்பநிலை பற்றிய கேள்விகளைத் தடுக்கின்றன. ஆயினும் ஒயின் கோப்பையை மறுப்பவரிடம் ஏன் குடிப்பதில்லை என்று எவரேனும் இயல்பாகக் கேட்டுவிட்டால், கர்ப்பமோ சமய நெறியோ சொல்ல விரும்பாத நோயோ அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. இரைச்சல் மிகுந்த உணவகத்தில் செவித்திறன் குறைந்தவரும், அந்நாட்டு விளையாட்டுப் பேச்சு பழகாத வெளிநாட்டுப் பட்டதாரியும் ஒதுங்கி அமர்ந்தால், அதைக்கொண்டு நோயாளியிடம் அவர்கள் காட்டப்போகும் பரிவை எவ்வாறு அளப்பது?

2020-இல் பெருந்தொற்றால் நேர்காணல்கள் காணொளிக்கு மாறியபோதும் மேட்ச் தொடர்ந்து நடந்தது; ஆகவே தேர்வுக்கு விருந்து இன்றியமையாததன்று. எனினும் இரவுப்பணிச் சுமையையும் மூத்தோர் நடத்தும் விதத்தையும் விண்ணப்பதாரர் அச்சமின்றிக் கேட்டறிய விருந்தைப் போன்ற இடம் அரிது என்பதால், கடும் முறைகேடு நீங்கலாக, அங்கு நிகழ்ந்த எதுவும் தேர்வுக்குழுவை எட்டலாகாது என ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் எழுத்தில் விதிக்க வேண்டும்.