கரம்பொன்னின் தலைகளும் யாழ்ப்பாணத்தின் இடங்களும்

க.பொ.த உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அலுவலகம் எப்படியிருக்கும் என்பதை அறிந்தவன் நான். தொலைபேசி ஓயாது. எந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு மூன்று 'ஏ', கணிதப் பிரிவில் மாவட்ட முதலிடம் யாருக்கு, படம் வந்துவிட்டதா, பெற்றோரின் தொழில் என்ன என்று ஒரே அமளி. மறுநாள் முதற்பக்கத்தில் சிரித்த முகங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கீழே நாலைந்து நகரக் கல்லூரிகளின் பெயர்கள் இருக்கும். ஆண்டு மாறும், முகங்கள் மாறும், கல்லூரிகளின் பெயர்கள் மட்டும் மாறுவதில்லை. ஊர்காவற்றுறையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ ஒரு பிள்ளை கணிதம் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தால் உட்பக்கத்தில் 'தீவக மாணவி சாதனை' என்று ஒரு பத்தி போடுவோம். அது ஏன் சாதனையாக இருக்கவேண்டும் என்று நாங்கள் கேட்டதில்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் கொதித்தெழாத யாழ்ப்பாணத் தமிழன் இல்லை. கொதிப்பதற்குக் காரணமும் உண்டு. 1970-71 அனுமதியில் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவன் 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்களமொழி மூல மாணவனுக்கு 227 போதுமானதாயிற்று. பௌதிக விஞ்ஞானத்துக்கு 204, 183. ஒரே பரீட்சை, ஒரே பாடத்திட்டம், ஆனால் எழுதிய மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி. அது அப்பட்டமான அநீதி. அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் முறையாக வந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்து சேர்ந்தது. ஒரு தலைமுறை வீதிக்கு வந்ததற்கும், பின்னர் வீதியை விட்டு வேறு பாதைக்குப் போனதற்கும் இந்த எண்கள் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கொதிப்பில் நாம் ஒரு வேறுபாட்டைக் காணத் தவறினோம். மொழிவாரித் தரப்படுத்தல் வேறு, மாவட்டப் பங்கீடு வேறு. பின்னது யாழ்ப்பாணத்தைப் பாதித்தது உண்மை. அதே பங்கீட்டினால் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்பதும் உண்மை. அந்தப் பிள்ளைகளைப்பற்றி நம் மேடைகளில் யாரும் பேசவில்லை. மாறாக, வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் பதிந்து பரீட்சை எழுதுவித்த கதைகள் நம் எல்லோருக்கும் தெரியும். 'வசதியுள்ள இடத்துப் பிள்ளையையும் வசதியற்ற இடத்துப் பிள்ளையையும் ஒரே கோலால் அளக்கலாமா' என்ற கேள்வியை அன்று நாம் எதிராளியின் கேள்வியாக மட்டும் பார்த்தோம். அதே கேள்வி பண்ணைக் கடலுக்கு அப்பாலிருந்து நம்மை நோக்கி எழுப்பப்படக்கூடியது என்பதை எண்ணவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். இன்றைய முறையில் விஞ்ஞான, கணிதத் துறைகளுக்கான அனுமதியில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமை அடிப்படை. 55 விழுக்காடு மாவட்டங்களுக்கு. 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாக. அந்த 55 விழுக்காடு எதன்படி பங்கிடப்படுகிறது? மாவட்டத்தின் சனத்தொகைப்படி. கவனியுங்கள்: பரீட்சை எழுதியோர் தொகைப்படி அல்ல, சித்தியடைந்தோர் தொகைப்படியும் அல்ல; தலைக்கணக்குப்படி. அப்படியானால் யாழ்ப்பாண மாவட்டத்துக்குக் கிடைக்கும் பொறியியல் இடங்களிலும், பௌதிக விஞ்ஞான இடங்களிலும், கணினி விஞ்ஞான இடங்களிலும் கரம்பொன்னின் தலைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. நெடுந்தீவு மீனவனின் தலையும் நயினாதீவுக் கிழவியின் தலையும் எண்ணப்பட்டிருக்கின்றன. எண்ணி முடிந்து இடங்கள் வந்து சேர்ந்ததும், அவற்றில் அமர்பவர் எந்த வலயத்துப் பிள்ளை என்று கேட்பார் இல்லை. யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். இடம் வாங்கும்போது ஐந்தும் ஒன்று. பங்கு போடும்போதும் ஐந்தும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. அங்கேதான் சூது இருக்கிறது.

'இசட் புள்ளி' இருக்கிறதே என்பார்கள். 2001இலிருந்து அனுமதிக்கு அதுவே அளவுகோல். பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்தால் வருவது அது. ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாக வந்துவிட்டால் அதை எடுத்தவருக்கு நட்டம் வராமல் அது காக்கும். நல்ல கருவிதான். ஆனால் அது பாடங்களுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் சரிசெய்யும். பன்னிரண்டாம் வகுப்பில் இணைந்த கணித ஆசிரியர் ஆறு மாதமாக வரவில்லை என்பதை அந்தச் சூத்திரத்தில் எந்த இடத்தில் இடுவது?

கரம்பொன்னிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வீதி வழியே சுமார் 20 கிலோமீற்றர். வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பிறகு பண்ணைத் தாம்போதி. காலை வேளையில் அந்தத் தாம்போதியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நகரிலிருந்து தீவகத்துக்கு ஒரு பேருந்து வரும், அதில் ஆசிரியர்கள். தீவகத்திலிருந்து நகருக்கு ஒரு பேருந்து போகும், அதில் மாணவர்கள். இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்லும். கஷ்டப் பிரதேசச் சேவைக்காலத்தை எண்ணிக்கொண்டு போகும் ஆசிரியர் பிற்பகல் ஒன்றரைக்கு மணி அடித்ததும் அதே வழியே திரும்பிவிடுவார். நகருக்குப் போன மாணவன் பாடசாலை முடிந்து ரியூட்டரிக்குப் போய், கடைசிப் பேருந்துக்கு ஓடி, இருட்டிய பின் வீடு சேர்வான். மாணவியாக இருந்தால் தாய் அந்த ரியூட்டரி வகுப்பையே மறித்துவிடுவாள். ஆசிரியரைக் குறைசொல்லி என் வேலை முடிந்தது என்று போகமாட்டேன். குடும்பத்தோடு தங்க வீடில்லாத இடத்தில், தன் பிள்ளைகளும் நகரில் படிக்கும்போது, அவர் ஏன் தங்குவார்?

பிற பாடங்களில் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். வரலாற்றில் ஒரு நூற்றாண்டைத் தவறவிட்டவன் அடுத்த நூற்றாண்டைப் படித்துக்கொள்ளலாம். கணிதத்தில் அது நடவாது. எட்டாம் வகுப்பில் விகிதமும் அட்சரகணிதச் சுருக்கமும் வசப்படாத பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் திரிகோணகணிதம் மந்திரமாகத் தோன்றும். திரிகோணகணிதம் மந்திரமானால் பன்னிரண்டில் வகையீடும் தொகையீடும் மனப்பாடமாகிவிடும். மனப்பாடம் செய்தவனை இணைந்த கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதி இரக்கமின்றிப் பிடித்துவிடும். ஒரு தவணை ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த ஓட்டை நாலாண்டு கழித்துத்தான் ஒழுகும். ஒழுகும்போது 'தீவுப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஓடாது' என்று ஒரு தீர்ப்பும் வந்துவிடும்.

கணக்கு ஓடாதாம்! கரம்பொன்னிலிருந்து கடலேரிக்கு அப்பால்தான் வட்டுக்கோட்டை. அங்கே 1823இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினறியில் கணிதம் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அட்சரகணிதத்துக்குத் தமிழில் நூல் செய்தார். கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவராக ஆய்வு செய்த சி. ஜே. எலியேசர் 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானார். பின்னர் மலாயாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடம் அதே வட்டுக்கோட்டையில்தான் முதலில் இயங்கியது. 1990களின் தொடக்கத்தில், தேசிய மின்னிணைப்பு அறுந்து குடாநாடே குப்பி விளக்கில் படித்த காலத்தில், அந்தப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத்துக்கென்று ஒரு துறை உருவானது. மின்சாரமில்லா ஊரில் கணினித் துறை நடத்தத் துணிந்தவர்களுக்கு 20 கிலோமீற்றருக்கு அப்பால் இரண்டு கணித ஆசிரியர்களை நிறுத்துவது இயலாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விஞ்ஞானத் துறைகளிலேயே ஏழைக்கு ஏற்றது கணிதம். உயிரியலுக்கு ஆய்வுகூடம் வேண்டும், இரசாயனத்துக்குச் சாடியும் அமிலமும் வேண்டும். கணிதத்துக்கு ஒரு கொப்பி, ஒரு பென்சில், ஒரு நல்ல ஆசிரியர். கணினி விஞ்ஞானமும் அடிப்படையில் அப்படியே. பலர் அதைக் கணினியைத் தட்டத் தெரிவது என்று நினைக்கிறார்கள். ஏதோ ஒரு நிறுவனத்தில் ஆறுமாதச் சான்றிதழ் எடுத்தால் போதும் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்வோரும் உளர். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் அந்தப் பிள்ளையை எதிர்கொள்வது தொடைகள், தருக்கம், நிகழ்தகவு, தாயங்கள். எல்லாம் கணிதம். (இலங்கையில் தாயம், காவி என்போம், தமிழ்நாட்டு அன்பர்கள் அணி, திசையன் என்பர்.) அடித்தளத்தை விட்டுவிட்டு மாடியை விற்கும் இந்த வியாபாரத்தில் தீவகத்துப் பெற்றோர் நகரத்தாரைவிட எளிதாக ஏமாறுகிறார்கள்.

அடித்தளம் இருந்து உள்ளே புகுந்துவிட்ட பிள்ளைக்கும் ஓர் ஆழி காத்திருக்கிறது. பதின்மூன்று ஆண்டு தமிழில் கணிதம் படித்தவன் முதல் விரிவுரையில் ஆங்கிலத்தைச் சந்திக்கிறான். நகரப் பிள்ளைக்கு அது ஒரு தவணைத் தடுமாற்றம். ஆங்கில ஆசிரியரையே அரிதாகக் கண்ட தீவகப் பிள்ளைக்கு அது சிலவேளை பட்டத்தின் தரத்தையே குறைத்துவிடும். தேற்றம் தெரியும், வினா விளங்காது.

எதிர்வாதங்களை நான் அறிவேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் நகருக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்துப் பல்கலைக்கழகம் போகிறார்களே என்பது ஒன்று. போகிறார்கள், உறவினர் வீடு உள்ளவர்கள் போகிறார்கள். போனவர்கள் நகரக் கல்லூரியின் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள், ஊரில் எஞ்சியிருப்பவர்கள் ஊரின் தோல்விக் கணக்கில் எழுதப்படுகிறார்கள். தீவகத்தில் இப்போது பிள்ளைகளே குறைவு, நாலு பேருக்காக ஓர் உயர்தரக் கணித வகுப்பா என்பது மற்றொன்று. ஏன் குறைந்தார்கள்? 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது ஊர்கள் காலியாயின. பள்ளிக்கூடங்களும் ஆசிரியர்களும் சிதறினர். திரும்பியவர்களில் பெரும்பாலோர் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். போக்கிடம் இல்லாதவனின் பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் முதலில் தேவை. ஆட்தொகை குறைவு என்பது செலவும் குறைவு என்பதற்கான வாதமேயன்றி, கைவிடுவதற்கான வாதமன்று. திறமை கெட்டுவிடும் என்பது மூன்றாவது. 1974இல் நாம் சொன்ன அதே வசனம் இது. அன்றைக்கு அதைச் சொல்ல நமக்கு இருந்த உரிமையை இன்று நமக்கெதிராகத் தீவகத்தார் பயன்படுத்தாததே அவர்களுடைய பெருந்தன்மை.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் சொல்ல எனக்கு ஒன்றுண்டு. கரம்பொன் என்றதும் நீங்கள் தனிநாயகம் அடிகளை நினைவுகூருவீர்கள். 1913இல் அந்த மண்ணில் பிறந்து, ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடங்கி, உலகத் தமிழாராய்ச்சி மன்றம்வரை போனவர். இன்னொரு கரம்பொன் பிள்ளை அப்படிப் போகவேண்டும் என்று விரும்பினால் நினைவுக் கூட்டத்துக்கு மலரஞ்சலி அனுப்புவதால் ஆகாது. கோபுரத்துக்கு நிறம் பூசவும் தேர்முட்டிக்குத் தளம் போடவும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் காசு வருவதை நான் பழிக்கவில்லை. கோயில் ஊரின் உயிர். ஆனால் ஒரு தேருக்குச் செலவாகும் பணத்தில் இணைந்த கணித ஆசிரியர் ஒருவரும் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரும் குடும்பத்தோடு தங்க இரண்டு வீடுகள் கட்டலாம். மேலதிகப் படியும் கொடுக்கலாம். கணினிகளை மட்டும் அனுப்பாதீர்கள். உறை பிரிக்காத கணினியும் பழுதுபார்க்க ஆளில்லாத கணினியும் எத்தனை பாடசாலைகளில் தூசி பிடித்துக் கிடக்கின்றன என்பதை ஊருக்கு வந்தால் நீங்களே பார்க்கலாம்.

அரசிடம் கேட்கவேண்டியது வேறு. மாவட்டப் பங்கீட்டில் வரும் இடங்களை எந்தக் கல்வி வலயத்துப் பாடசாலை மாணவர் பெற்றனர், கணிதப் பிரிவுக்கு எத்தனை பேர் தோற்றினர், அவர்களுக்குக் கற்பித்த ஆசிரியர் ஆண்டில் எத்தனை நாள் வகுப்பில் இருந்தார் என்ற விபரங்களை ஒவ்வோராண்டும் வலயவாரியாக வெளியிடவேண்டும். அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்தபின் மாவட்டத்துக்குள் ஓர் உட்பங்கீடு வேண்டுமா இல்லையா என்று நாம் சண்டையிடலாம். வேண்டும் என்பது என் கட்சி.

பத்திரிகை நண்பர்களிடம் கேட்பது மிகச் சிறிது. அடுத்த முறை பெறுபேறு வரும்போது, நகரக் கல்லூரிகளின் அதிபர்களோடு பேசி முடித்த பின், தீவக வலயத்துக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எத்தனை பேர் பொறியியலுக்குத் தெரிவானார்கள் என்று கேட்கவேண்டாம். இந்த ஆண்டு இணைந்த கணிதம் கற்பித்தது யார் என்று மட்டும் கேளுங்கள். கிடைக்கும் பதிலை முதற்பக்கத்தில் போடுங்கள்.