இடையில் ஓர் இரவு

பேரா மாநிலத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட், சித்தியவான், பாகான் டத்தோ வட்டாரங்களில் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் மெல்பர்னிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஒரு குழந்தை பிறந்தால், இங்கே பாட்டிக்கு விமானச் சீட்டு எடுக்கப்படுகிறது.

அந்தச் சீட்டை எடுப்பவர் பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான். கைப்பேசித் திரையில் அவர்கள் பார்ப்பவை இரண்டு: விலையும் மொத்தப் பயண நேரமும். பாட்டியின் முழங்கால் அந்தத் திரையில் தெரிவதில்லை. நீண்ட அனைத்துலகப் பயணம் செல்லும் முதியவருக்கு இடையில் ஓர் இரவுத் தங்கலைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும். அதை வீண்செலவு என்று ஒதுக்குவது தவறான கணக்கு.

கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் சிறியது. நெடுந்தூரம் பறக்கும் பெரிய விமானங்கள் அங்கே வருவதில்லை. எனவே, பெரும்பாலோர் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்குச் செல்கிறார்கள். ஈப்போ நிலையத்திலிருந்து இடிஎஸ் இரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கிருந்து விமான நிலைய இரயிலில் மேலும் அரை மணி நேரம். மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா நிலையத்திலிருந்து பேருந்தில் போனாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போவதையும் சேர்த்தால், பாட்டி இருக்கைப்பட்டையை மாட்டுவதற்கு முன்பே ஏழு மணி நேரம் கழிந்துவிடுகிறது. லண்டனுக்கு நேரடி விமானம் ஏறக்குறைய 14 மணி நேரம் பறக்கும். இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டிக்காகக் காத்திருத்தல், பேரன் வீட்டுக்குக் கார்ப் பயணம். திரையில் 14 மணி நேரமாகத் தெரிந்தது உண்மையில் ஒரு முழு நாள். நியூயார்க் என்றால் அது 33 மணி நேரத்தைத் தொட்டுவிடும்; கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு இடைநில்லா விமானமே இல்லை.

ஆகவே, ஈப்போக்காரர்களுக்கு முதல் இடைத்தங்கல் வெளிநாட்டில் இருக்க வேண்டியதில்லை. முந்திய நாளே புறப்பட்டு, கிள்ளானிலோ காஜாங்கிலோ இருக்கும் சித்தி வீட்டில் ஓர் இரவு படுத்துத் தூங்கிவிட்டு விமானம் ஏறலாம். செலவில்லாத இந்த ஏற்பாட்டைப் பல குடும்பங்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் ஈப்போவில் பேருந்து ஏறி, விடியற்காலையில் விமான நிலைய நாற்காலியில் சாய்ந்து, காலை விமானத்தைப் பிடிப்பதையே சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள்.

உடலுக்கு நேர்வது என்ன? விமானம் 10,000 மீட்டருக்கும் மேலே பறக்கும்போது, அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதைப்போல் இருப்பதில்லை. அது 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் உள்ள அழுத்தத்துக்கு ஒப்பானது. சிம்பாங் பூலாய் சாலை வழியாகக் கேமரன் மலைக்குப் போனவர்களுக்குப் பிரிஞ்சாங் மலையுச்சி தெரியும். அது ஏறக்குறைய 2,000 மீட்டர். அந்த உச்சியில், குறுகிய நாற்காலியில், காலை மடக்கியபடி 14 மணி நேரம் உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். காற்றின் ஈரப்பதமும் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். தொண்டையும் தோலும் வறண்டு போகும்.

கால் நரம்புகளில் இரத்தம் உறைவது மற்றோர் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், இரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று அது கூறியது. நலமாக உள்ளவர்களில் ஏறக்குறைய 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இது நேர்கிறது. அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால், முதுமை, உடல் பருமன், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை முதலியவை அந்த வாய்ப்பைக் கூட்டும். விமானம் மட்டுமன்றிப் பேருந்துக்கும் காருக்கும் இரயிலுக்கும் இது பொருந்தும். குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பல விமானங்களில் பறப்பதும் நல்லதன்று என்று அதே அறிக்கை எச்சரித்தது. ஆகவே, ஒரு விமானத்திலிருந்து இறங்கி, இரண்டு மணி நேரம் நாற்காலியில் காத்திருந்து, அடுத்த விமானத்தில் ஏறிவிட்டால் உடலுக்கு ஓய்வு கொடுத்ததாகிவிடாது. நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். ஓர் இரவுத் தங்கல் இவற்றுக்கு இடம் தருகிறது.

நம் முதியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று எழுந்திருக்க மாட்டார்கள். அடிக்கடி கழிவறைக்குப் போக நேருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். பணிப்பெண் கேட்டால், “வேண்டாம்மா” என்று சிரித்துவிடுவார்கள். இப்படி அசையாமலும் குடிக்காமலும் இருப்பதுதான் ஆபத்தை வளர்க்கிறது. இவர்களுக்கு நடைவழி ஓரத்து இருக்கையை முன்கூட்டியே எடுத்துத் தருவது, சன்னலோரக் காட்சியைவிடப் பெரிய உதவி.

இடையில் நிற்பது ஒரு காலத்தில் தவிர்க்க முடியாததாக இருந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் குவாண்டாஸ் நிறுவனத்தின் விமானம் 29 பயணிகளுடன் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று நின்று நின்று, நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் பயணிகள் இரவு தங்கினார்கள். 2018இல் அதே நிறுவனம் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் 17 மணி நேரத்தில் பறக்கத் தொடங்கியது.

தோட்டத்துக்கு வந்த முன்னோரின் பயணத்திலும் இடைத்தங்கல் இருந்தது; அது அவர்கள் விரும்பிக் கேட்டதன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாள் கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டே பினாங்கு வந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலை ஈப்போவின் மூத்தவர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்வார்கள். கரை தெரிந்தும் தொழிலாளர்களால் உடனே இறங்க முடியாது. தொற்றுநோய் பரவாமல் தடுப்பதற்காக, பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் அவர்களை வைத்திருந்து சோதித்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அன்று பிறர் கட்டாயப்படுத்தி நிறுத்தினார்கள். இன்று எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று பயணியே முடிவு செய்யலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது ஏனோ!

இதற்கு மறுப்பும் உண்டு. விமானம் மாறுவதே சில முதியவர்களுக்குப் பெரும் சிரமம். தமிழும் சந்தை மலாயும் மட்டும் தெரிந்த ஒரு பாட்டி, அந்நிய நாட்டு விமான நிலையத்தில் எந்த வாயில் என்று தெரியாமல் தவிப்பதைவிட, ஒரே விமானத்தில் உட்கார்ந்து போவது மேல் என்பார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு இது முற்றிலும் சரி. அவர்களைப் புதிய விடுதி அறையில் படுக்க வைத்தால் குழப்பம்தான் கூடும். இருபது வயது மாணவருக்கும் இடைத்தங்கல் தேவையில்லை; அவர் எந்த நாற்காலியிலும் தூங்கிவிடுவார். ஆனால், இந்த வாதத்தை எல்லாருக்கும் நீட்டக் கூடாது. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து நியூயார்க்குக்கு ஒரே விமானம். பார்ப்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. எனினும், அந்த இரண்டாவது விமானம் 15,300 கிலோமீட்டருக்கும் மேல், 18 மணி நேரத்துக்கும் அதிகமாகப் பறக்கிறது. உலகின் மிக நீண்ட பயணிகள் சேவைகளுள் அது ஒன்று. நீரிழிவும் முழங்கால் வலியும் உள்ள ஒருவருக்கு அதைப் பரிந்துரைப்பது அன்பாகாது.

எங்கே தங்குவது? வழியில் எங்காவது என்பது விடையன்று. வளைகுடா நகரங்களில் நின்றால், நியூயார்க் பயணம் ஏழு மணி நேரமாகவும் 14 மணி நேரமாகவும் பிரிகிறது. பெரிய பாதி அப்படியே இருக்கிறது. இஸ்தான்புலில் நின்றால் இரு பகுதிகளும் ஏறக்குறைய 11 மணி நேரம். லண்டனுக்குப் போகிறவர்களுக்கோ வளைகுடாவே சரிபாதி. உடலின் கடிகாரமும் இதனால் பயனடையும். நியூயார்க் மலேசியாவைவிட 12 அல்லது 13 மணி நேரம் பின்தங்கியது. இங்கே பகல், அங்கே இரவு. உடல் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாட்டைத்தான் சரிசெய்துகொள்ளும் என்பார்கள். ஓர் இரவு தங்கினால் எல்லாம் சரியாகிவிடாது. ஆனால், தூக்கமின்மையும் நேரமாற்றமும் ஒரே நாளில் சேர்ந்து தாக்குவது குறையும்.

சீட்டு எடுக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 24 மணி நேரத்துக்குள் தொடரும் பயணத்தை விமான நிறுவனங்கள் இணைப்புப் பயணமாகக் கருதுகின்றன. அதைத் தாண்டினால் இடைத்தங்கல். இரண்டையும் ஒரே முன்பதிவில் எடுக்கலாம். அப்படி எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால், தவறவிட்ட விமானத்தின் பணம் போனதுதான். புந்தோங் கச்சாங் பூத்தேயும் முறுக்கும் நிறைந்த பெட்டியையும் பாட்டியே எடுத்து மீண்டும் பதிய வேண்டியிருக்கும். சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சரக்கு அறையின் குளிரில் அது உறைந்து கெட்டுப்போகலாம். மருந்து சாப்பிடும் வேளையை எந்த நாட்டு நேரப்படி கணக்கிடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்பதையும், தங்கும் நாட்டுக்கு விசா வேண்டுமா என்பதையும் சீட்டு எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் வெறும் விமானம் மாறுவதற்குக்கூட மலேசியர்களுக்கு விசா தேவை.

லண்டன் செல்லும் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு. இது சரிபாதி அன்று. இந்திய விசாவும் முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஆனால், விடுதி வரவேற்பறையிலும் மருந்துக் கடையிலும் பாட்டி தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். துணைக்கு ஆள் இல்லாமல் பயணம் செய்கிறவருக்கு அது சிறிய வசதியன்று. கூடுதலாக மூன்று நாள் ஒதுக்க முடிந்தால், தன் பெற்றோர் கப்பலேறிய நாகப்பட்டினக் கடற்கரையையும் அவர் பார்த்துவிட்டுப் போகலாம். பேரனுக்கு இது தோன்றாமல் போகலாம். சீட்டை உறுதிசெய்யும் முன் பாட்டியையே ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.