பலம் ஏறினால் பிடியும் ஏற வேண்டும்!

கார் வைத்திருப்போர் சிலருக்கு ஓர் ஆசை உண்டு. கம்பெனி கொடுத்த பலம் போதாது; இன்னும் வேண்டும் என்பதே அந்த ஆசை.

டர்போ பொருத்திய டீசல் காரில் இது சுலபம். என்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றினால் போதும். கூடுதல் டீசலும் காற்றும் உள்ளே போகும். பலம் ஏறிவிடும்.

ஆனால் அந்தப் பலத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் வழியில் நிற்பது கிளச். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வழுக்கும் தட்டு

என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் பிளைவீல். அதன்மீது கிளச் தட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடிக்கு ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் தட்டு வழுக்கும்.

ஐரோப்பாவில் 2000-ஆம் ஆண்டுகளில் விற்ற வோக்ஸ்வாகன் கோல்ப் காரை எடுத்துக்கொள்வோம். அதில் 1.9 லிட்டர், 130 குதிரைச் சக்தி டீசல் என்ஜின் உண்டு. திருகும் பலம் 310 நியூட்டன் மீட்டர். கணக்கை மாற்றினால் இது 400-ஐ நெருங்கும். 310-க்காகச் செய்த கிளச், அதுவும் தேய்ந்துபோன கிளச், அதைத் தாங்குமா?

லாரியை முந்தும்போது என்ஜின் அலறும். கார் வேகம் பிடிக்காது. கருகிய வாடை வரும். எதிரே வண்டி வந்தால் என்ன ஆகும்? காரில் இருப்பதோ குடும்பம்!

எதை வாங்குவது?

குதிரைச் சக்தியைப் பார்த்துக் கிளச் வாங்கக் கூடாது. திருகும் பலத்தைப் பார்க்க வேண்டும். என்ஜின் 400 கொடுத்தால், அதற்குச் சற்றே மேல் தாங்கும் கிளச் வேண்டும்.

அதற்காக, இருப்பதிலேயே முரட்டுக் கிளச்சை வாங்குவதும் தவறு. உலோகப் பொடியை இறுக்கிச் செய்த தட்டு பந்தயக் காருக்கு ஏற்றது. கடைவீதி நெரிசலில் கார் துள்ளித் துள்ளிக் கிளம்பும். வீட்டுக் காருக்குச் சாதாரணத் தட்டும், அழுத்தம் கூடிய ஸ்பிரிங்கும் போதும். பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.

பிளைவீலையும் பாருங்கள்

இத்தகைய டீசல் கார்கள் பலவற்றில் பிளைவீல் இரண்டு பாகமாக இருக்கும். நடுவில் உள்ள ஸ்பிரிங், டீசல் என்ஜினின் அதிர்வை வாங்கிக்கொள்ளும். அது தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். செலவைக் குறைக்க ஒற்றைப் பிளைவீல் போடுவோரும் உண்டு. அப்போது அதிர்வும் சத்தமும் கியர் பெட்டிக்குப் போய்ச் சேரும்.

கியர் பெட்டியை இறக்கும்போதே கிளச் பேரிங்கையும் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பேரிங் கெடும்போது இரட்டைக் கூலி!

புதுக் கிளச் போட்டதும் பறக்கக் கூடாது. முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால்தான் தட்டு நன்றாகப் படியும்.

பலத்துக்குப் பணம் செலவழிப்போர், முதலில் பிடிக்குச் செலவழிக்கட்டும். கிளச்சுக்குப் பணமில்லை என்றால், கம்பெனி கொடுத்த பலமே போதும்!