மாசியில் ஓகூஸுக்கு, இருவராக

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நானும் என் கணவரும் கேர்ணிங் ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பெட்டியோடு நின்றோம். வேலை முடிந்து அந்த வழியால் வந்த எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"எங்கையக்கா? ஓகூஸிலை ஆற்றை கலியாணம்?"

கலியாணம் இல்லை என்றேன். உடனே அவள் முகம் மாறிவிட்டது. ஓகூஸில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இவருக்கு ஏதும் வருத்தமோ என்று பயந்துவிட்டாள். அதுவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அங்கே நின்று ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன்.

"பிள்ளையளும் வருகினமோ?"

"இல்லை."

"அப்ப ஆற்றை வீட்டிலை நிப்பியள்?"

"ஹோட்டலிலை."

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. டென்மார்க்கில் வாழும் எங்கள் முதல் தலைமுறை ஊர் சுற்றாத தலைமுறை அல்ல. ரொறன்ரோவில் மருமகளின் சாமத்திய வீட்டுக்குப் போயிருக்கிறோம். லண்டன் கலியாணங்களுக்கும் பாரிஸ் செத்த வீடுகளுக்கும் விடிய விடியக் கார் ஓட்டியிருக்கிறோம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று மூன்று வருடம் காசு சேர்த்துக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் வந்திருக்கிறோம். ஒவ்வொரு பயணத்துக்கும் பின்னால் ஒரு அழைப்பிதழோ நேர்த்திக்கடனோ இருந்தது. புருசனும் பெண்சாதியும் தங்கள் இரண்டு பேருக்காக மட்டும் பெட்டி கட்டிய பயணம் உண்டா என்று கோயில் மண்டபத்தில் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தூர தேசம் வேண்டாம், கப்பல் பயணம் வேண்டாம். பக்கத்து நகரத்துக்கு, குளிர்காலத்தில், ஒரு வார இறுதிக்குப் போய் வாருங்கள்.

இது எங்களுக்கு ஏன் ஆடம்பரம் இல்லை என்பதை விளங்கிக்கொள்ள இந்த நாட்டின் அண்மைய வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஆண்கள்தான் முதலில் இங்கே வந்தார்கள். மனைவிமார் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் இருந்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையை 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் தந்திருந்தது. 1987 ஜூலையில் இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்தது. இனிச் சமாதானம்தான், இவர்கள் திரும்பிப் போகலாம் என்று சிலருக்குப் பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில், தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் தன் அதிகாரிகளுக்கு வாய்மொழியாகச் சொன்னார். சட்டம் சட்டமாகவே இருந்தது. கோப்புகள் மட்டும் நகரவில்லை. கணவன் யூலாந்தின் ஒரு சிறு நகரத்தில், மனைவி குண்டு விழும் ஊரில்.

1989இல் நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி இதைக் கடுமையாகக் கண்டித்தார். உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோன்ஸ்லெட் விசாரித்து ஏறக்குறைய 6000 பக்க அறிக்கை கொடுத்தார். அது வெளியான 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டர் பதவி விலகினார். பத்தாண்டு ஆண்ட அரசு விழுந்தது. அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு உயர் நீதிமன்றம் கூடி 1995 ஜூனில் நின் ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் மக்கள் இன்றைக்கும் அதைத் தமிழர் வழக்கு என்றே சொல்கிறார்கள்.

1910க்குப் பிறகு அந்த நீதிமன்றம் கூடியது இரண்டே தடவைதான். இரண்டாவது 2021இல். அகதித் தம்பதிகளில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராயிருந்தால் இருவரையும் வேறு வேறு முகாம்களில் வைக்கும்படி 2016இல் உத்தரவிட்ட இங்கர் ஸ்டொய்பர்க் என்ற முன்னாள் அமைச்சர்தான் அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறுமிகளைக் கட்டாயக் கலியாணத்திலிருந்து காக்கத்தான் செய்தேன் என்றார் அவர். அந்த அக்கறை நியாயமானது. எங்கள் சமூகமும் அதை மதிக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு தம்பதியையும் தனித்தனியே விசாரிக்காமல் எல்லாரையும் பிரித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. 60 நாள் சிறை. நூறு வருடத்துக்கு மேலாக இந்த நாடு தன் அமைச்சர்களை அந்த மேடையில் ஏற்றிய இரண்டு தடவையும் கேள்வி ஒன்றுதான்: சேர்ந்து வாழ உரிமையுள்ள இருவரைப் பிரித்துவைக்க அமைச்சருக்கு என்ன அதிகாரம்?

நான் 1994இல் வந்தவள். அந்தக் காத்திருப்பு எனக்கு நேரவில்லை. ஆனால் வந்த பிறகு நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறேன். இவருக்குக் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. அவர் காலையில் படியேறும்போது நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஃபிரிஜ் கதவில் ஒட்டிய துண்டுதான் எங்கள் பேச்சு: கறி கீழ்த்தட்டில், மூத்தவனுக்கு நாலு மணிக்குப் பல் டொக்டர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், அது முடிய நடன வகுப்பு. ஞாயிறு கோயில். ஊரில் தங்கச்சிக்குச் சீதனம், பிறகு தம்பிக்கு ஏஜென்சிக் காசு. கேர்ணிங்கில் மட்டுமல்ல, ஸ்ரூவரிலும் கொல்ஸ்ரபுரோவிலும் கிறின்ஸ்ரெட்டிலும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை, பெருமை இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இன்று டொக்டர்களாகவும் பொறியியலாளர்களாகவும் நிற்கிறார்கள். என்றாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கணவன் மனைவியைப் பிரித்துவைத்ததற்காக ஒரு அரசாங்கமே விழுந்த நாட்டில், சேர்ந்து வாழ வந்த நாங்கள் முப்பது வருடம் சேர்ந்து உட்காரவே இல்லை.

ரயில் இக்காஸ்ட் தாண்டி, சில்கபோ ஏரிகளின் ஓரமாகப் போனது. ஏரிக்கரையில் பனி. இவர் ஜன்னலோடு இருந்தார். வெளிக்கிடும்போது, "இந்தக் குளிருக்கை ஆரப்பா ஊர் சுத்துறது?" என்று சலித்தவர், ஸ்கண்டர்போ வரும்வரை ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஓகூஸ் டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரம். எங்களுக்கு அது ஆஸ்பத்திரியும், மகள் படித்த பல்கலைக்கழகமும், மரக்கறி வாங்கும் பசார் வெஸ்ட்டும்தான். நகரத்தின் நடுவில் ஆறு ஓடுவதையே நான் நின்று பார்த்ததில்லை. முன்பு அந்த ஆற்றை மூடி மேலே ரோட்டுப் போட்டிருந்தார்களாம். தொண்ணூறுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். இப்போது இரண்டு கரையிலும் கோப்பிக் கடைகள். மாசிக் குளிரிலும் ஆட்கள் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வெளியே இருக்கிறார்கள். நாங்கள் உள்ளேதான் இருந்தோம்.

ஆரோஸ் என்ற கலைக்கூடத்தின் கூரையில் ஒலாஃபர் எலியாசன் 2011இல் அமைத்த வானவில் வளையம் இருக்கிறது. 150 மீற்றர் நீளத்துக்கு வட்டமாகப் போகும் கண்ணாடி நடைபாதை. நடக்க நடக்கக் கண்ணாடியின் நிறம் மாறும். வெளியே தெரியும் ஊரும் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவப்பாகும். அன்றைக்கு வானம் சாம்பல் நிறம். உள்ளே போனால் முழு ஓகூஸும் மஞ்சள் வெயிலில் குளிப்பதைப் போலத் தெரிந்தது. பச்சைப் பகுதியில் நிற்கும்போது இவர் என் கையைப் பிடித்தார். எங்கள் ஊர் வழக்கத்தில் வளர்ந்தவர். நாலு பேர் முன்னால் என் பக்கத்தில் ஒட்டி நிற்கவும் கூச்சப்படுகிறவர். "எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லைத்தானே" என்றார். ஒரு சுற்று முடித்து, திரும்ப இன்னொரு சுற்று நடந்தோம். முழங்கால் நோவைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

அடுத்த நாள் துறைமுகத்தருகே டொக் ஒன் நூலகத்துக்குப் போனோம். 2015இல் திறந்த மிகப் பெரிய கட்டடம். நடுவில் மேலிருந்து ஒரு வெண்கல மணி தொங்குகிறது; மூன்று தொன் எடை. ஓகூஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் தாயோ தகப்பனோ அங்கே ஒரு பொத்தானை அழுத்தலாம். இங்கே மணி அடிக்கும். நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு தடவை அடித்தது. தரையில் விளையாடிய குழந்தைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். எதற்கு அடிக்கிறது என்று பக்கத்தில் இருந்த பெண்மணி சொன்னாள்.

இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூத்தவன் பிறந்தண்டைக்கு நான் ஏன் பிந்தி வந்தனான் எண்டு உமக்குத் தெரியுமே?" என்று கேட்டார். வேலை முடியப் பிந்திவிட்டது என்றுதான் நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் நேரத்துக்கே வந்துவிட்டாராம். உடுப்பெல்லாம் கோழி இரத்த மணம். அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்க மனமில்லாமல், ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் சட்டையைக் கழற்றி அலசி, கை உலர்த்தும் காற்றில் பிடித்துப் பிடித்துக் காயவைத்திருக்கிறார். "ஈரச் சட்டையோடைதான் வந்தனான். நீர் களைச்சுப்போய்க் கிடந்தனீர், கவனிக்கேல்லை."

வீட்டில் இதைச் சொல்ல அவருக்கு எப்போதுதான் நேரம் வந்திருக்கும்? வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவருக்கு உலை கொதிக்கிறது, தொலைபேசி அடிக்கிறது. பேசத் தெரியாதவர்கள் அல்ல எங்கள் ஆண்கள். பேச வேண்டியவளும் அவர்களும் வேலையில்லாமல் ஒரே மேசையில் இருக்கும் நேரம்தான் கிடைத்ததில்லை.

ஏன் குளிர்காலம் என்று கேட்பீர்கள். கோடைகாலம் எங்களுடையது இல்லை. கேர்ணிங் பிள்ளையாருக்கும் பிறண்டா அபிராமி அம்மனுக்கும் திருவிழா அப்போதுதான். கலியாணங்கள் அப்போதுதான், கனடாக்காரர் வந்து நிற்பதும் அப்போதுதான். மார்கழி தொடங்கி மாசி வரைக்கும் வேறு ஒருவரும் உரிமை கோராத நாட்கள். மார்கழியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். பிள்ளைகள் பறந்துபோன வீட்டில் ஒருவர் மேல்மாடியில் கைத்தொலைபேசியோடும் மற்றவர் கீழே தொலைக்காட்சி நாடகத்தோடும் அந்த இருட்டைக் கழிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளின் குளிர்காலம் இதுதான்.

பென்சன் வரட்டும், பிறகு ஆறுதலாகப் பார்ப்போம் என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த நாட்டில் ஓய்வு வயது இப்போது 67, 2030இல் 68. 1970க்குப் பின் பிறந்தவர்களுக்கு 2040 முதல் 70 ஆகும் என்று 2025 மே மாதம் நாடாளுமன்றம் சட்டம் செய்துவிட்டது. தொழிற்சாலைப் பட்டிக்கு முன்னால் முப்பது வருடம் நின்ற இடுப்பும் முழங்காலும் அதுவரை காத்திருக்காது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் என்பதால் சொல்கிறேன்: அங்கே கணவனை இழந்த டெனிஷ் அம்மாக்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஸ்பெயின் பயணத்தைப் பற்றி அல்ல. மழையில் நனைந்துகொண்டே புகையிரதம் பிடித்த ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான்.

காசு என்றால், வாடகைக் காரும் உடுப்பும் மொய்யுமாக ஒரு கலியாணத்துக்கு ஆகும் செலவில் பாதி வராது. மாசியில் ஹோட்டல் வாடகை கோடையை விடக் குறைவு. வயது போனவர்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை இந்த நாட்டுத் தொழிலாளருக்கு 1938இலேயே சட்டமானது. இன்று அது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தையும் நாங்கள் பிறருக்கே கொடுத்துப் பழகிவிட்டோம். சாப்பாட்டுக்கும் பயப்பட வேண்டாம். நான் இடியப்பமும் சம்பலும் கட்டாமல் வீட்டை விட்டு இறங்கியது அதுதான் முதல் தடவை. இவர் ஹோட்டலில் கறுப்பு ரை பாணும் ஊறவைத்த மீனும் இரண்டாம் தடவை எடுத்துச் சாப்பிட்டார்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடுகிறீர்கள். அன்றைக்கும் அவர்கள் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டே நிற்கிறார்கள். அதோடு ஒரு ஹோட்டல் அறையையும் பதிவுசெய்து கொடுங்கள். நீங்கள் கூடப் போகாதீர்கள். பேரப்பிள்ளையை அந்த வார இறுதியில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணைமாரே, முதலில் கேட்பது நீங்களாக இருங்கள். எங்கள் வீட்டில் நான்தான் கேட்டேன். பல வீடுகளில் பெண்கள் கேட்க மாட்டார்கள். தனக்கென்று ஒன்றைக் கேட்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. நீங்கள் கேட்டாலும் முதலில் மறுப்பாள். குளிர் என்பாள், வீண் செலவு என்பாள், மகள் வந்தால் ஆர் சமைக்கிறது என்பாள். அதோடு விட்டுவிடாதீர்கள். வயன்காரருக்கு ஓடன்ஸ பக்கம். ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் பிறந்த ஊர், அவருக்கென்று 2021இல் திறந்த புது அருங்காட்சியகம் இருக்கிறது. கொல்ஸ்ரபுரோக்காரர் கடற்கால் ஓரத்தில் இருக்கும் ஓல்போ போகலாம். எங்கே என்பதை அவளிடம் விடுங்கள். ரயில் சீட்டை மட்டும் நீங்கள் எடுங்கள்.